இரவு 10 மணி வாட்ஸ்அப்

கேள்வி: வயது 41. சிங்கப்பூரில் வீடு தெம்பனிஸில், வேலை துவாஸில் ஒரு சரக்குப் போக்குவரத்து அலுவலகத்தில். மேலாளர் இரவு 10 மணிக்கும் வாட்ஸ்அப் அனுப்புகிறார். விடியற்காலை 3 மணிக்கு விழிப்பு வந்தால் அப்புறம் தூக்கமில்லை, நெஞ்சை இறுக்குகிறது. "எதையும் சிரிச்சுக்கிட்டே கடந்து போ" என்கிறார் கணவர். சிரித்தால் சரியாகிவிடுமா டாக்டர்?

பதில்: முதலில் ஒரு ஈசிஜி எடுத்துவிடுங்கள், சிரிப்பதெல்லாம் அப்புறம். நெஞ்சு இறுக்கத்தை மன அழுத்தம் என்று நாமே முடிவு கட்டக்கூடாது. படியேறும்போது வந்தாலோ, வியர்த்துக் கொட்டி கைக்கோ தாடைக்கோ வலி பரவினாலோ யோசிக்காமல் ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள்.

இதயத்தில் ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகு, உங்கள் கணவர் சொன்னது பாதி சரி. வாய்விட்டுச் சிரிக்கும்போது மூச்சு நன்றாக வெளியேறுகிறது, இறுகிப்போன தோளும் கழுத்தும் கொஞ்ச நேரம் தளர்கின்றன, அவ்வளவுதான். மேசையில் இருக்கிற வேலை அப்படியேதான் இருக்கும். ஆனால் அந்தக் கொஞ்ச நேரம் சும்மா இல்லை. என்னிடம் வரும் ஒருவர் சின்ன நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறார், அன்றைக்கு அலுவலகத்தில் வந்ததிலேயே அபத்தமான ஒரு வரியை ரயிலில் எழுதிக்கொள்வாராம். 'மிக மிக அவசரம்' என்று சிவப்பில் வந்த மின்னஞ்சலைத் திறந்தால், ஃபிரிட்ஜில் யாரோ வைத்துவிட்டுப் போன நாசி லெமாக் சோற்றைப் பற்றியது. எழுதும்போதே கோபம் பாதி இறங்கிவிடுகிறது என்றார். உங்களுக்கும் இது சரிப்படும். ஒன்று மட்டும், "நான் ஒரு மக்கு" என்று உங்களையே மட்டம் தட்டிச் சிரிக்க வைப்பதைப் பழக்கமாக்காதீர்கள், அது மருந்தில்லை, இன்னொரு மேலாளர்.

ஒரு நாளைக்கு எத்தனை கோப்பி என்று நீங்கள் எழுதவில்லை. துவாஸில் வேலை பார்க்கிறவர்களிடம் கேட்டால் மாலை 5 மணிக்கு பாலில்லாத ஒரு கோப்பி ஓ கண்டிப்பாக இருக்கும். குடித்த காஃபினில் பாதி ஐந்து, ஆறு மணி நேரம் கழித்தும் உடம்பிலேயே நிற்கும். மதியத்தோடு நிறுத்திப் பாருங்கள், 3 மணி விழிப்பு தள்ளிப்போகலாம்.

வாட்ஸ்அப் விஷயத்தில் சிரித்து மழுப்ப வேண்டாம். பகலில், மேலாளர் கொஞ்சம் சாவகாசமாக இருக்கும்போது, "ஒன்பது மணிக்கு மேல வர்றதுக்குக் காலையில பதில் போடுறேன், அவசரம்னா போன் பண்ணுங்க" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். பல பேர் மறந்துவிடுவோமோ என்று அனுப்புகிறார்களே தவிர, உடனே பதில் வேண்டும் என்று இல்லை (நானும் என் கிளினிக் தாதியருக்கு அப்படி அனுப்பித் திட்டு வாங்கியவன்தான்). போனைப் படுக்கையறைக்கு வெளியே சார்ஜ் போடுங்கள்.

இன்னொன்று, வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஒரு நிலையம் முன்னாடி, சீமெய் ரயில் நிலையத்திலேயே இறங்கி வீட்டுக்கு நடங்கள். அலுவலகம் கூடவே வீட்டுக்குள் வராமல் இருக்க அந்த இடைவெளி வேண்டும்.

இதையெல்லாம் செய்தும் இரண்டு வாரத்தில் தூக்கம் திரும்பவில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்றால் பலதுறை மருந்தகத்துக்குப் போய் அதை அப்படியே சொல்லுங்கள். ராத்திரியில் யாரிடமாவது பேசியே ஆக வேண்டும் போலிருந்தால் மனநல உதவிக்கான 1771ஐ அழையுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள்.