கைவிட்ட ரப்பர் தோட்டம் எத்தனை ஆண்டில் மழைக்காடாகும்?

வீட்டுக்குப் பின்னால் ரப்பர் மரங்களை வெட்டிவிட்டு எதுவும் கட்டாமல் போட்ட நிலம் இருபது ஆண்டாக ஆள் தொடாமல் கிடக்கிறது. மரம் அடர்ந்திருக்கிறது, ஆனால் இப்போது சில மரங்கள் பட்டுப்போகின்றன. இது காடாகிறதா அழிகிறதா, பழைய மழைக்காடு எப்போது திரும்பும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் தாவரவியல் படித்ததில்லை. என் பெற்றோர் ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர்கள். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள் நான். ரப்பர் காய் வெயிலில் 'படார்' என்று வெடிக்கும் சத்தமும், அந்தக் கொட்டையைச் சிமெண்டுத் தரையில் தேய்த்துச் சூடேற்றி அடுத்த பிள்ளையின் கையில் வைத்து அலறவிட்ட விளையாட்டும்தான் எனக்குத் தெரிந்த முதல் தாவரவியல். பிறகு மலேசியாவில் கெப்போங் பக்கம் ஆசிரியையாக இருந்தபோது, உங்களுடையதைப் போன்ற ஒரு துண்டு நிலத்தில் மாணவர்களோடு இருபது மீட்டர் சதுரத்துக்குக் கயிறு கட்டி, உள்ளே இருந்த ஒவ்வொரு மரத்துக்கும் அட்டை மாட்டி, ஆண்டுக்கு ஒரு முறை அளந்தோம். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில், அதாவது நெஞ்சுயரத்தில், தண்டைச் சுற்றித் தையல் நாடாவை வைத்து அளப்பதுதான் முறை. பணி ஓய்வுக்குப் பிறகும் அதை நான் விடவில்லை.

முதல் ஆண்டு விரல் பருமன் தண்டுகளை எண்ணி எண்ணிக் களைத்துப்போனோம். ஏழாம் ஆண்டில் அவற்றில் பாதிகூட மிஞ்சவில்லை. தன் பெயரெழுதிய அட்டை தொங்கிய மரம் பட்டு நின்றதைக் கண்டு ஒரு மாணவி அழுதேவிட்டாள். அவளைத் தேற்றுவதற்காகத்தான் கணக்குப் போட்டுப் பார்த்தோம்: மிஞ்சிய மரங்களின் பருமனைக் கூட்டினால், முன்பு அத்தனை மரங்களுக்கும் சேர்த்து இருந்ததைவிட அதிகமாக இருந்தது. இளங்காட்டில் எண்ணிக்கை சரிவதும் மரத்தின் மொத்த எடை ஏறுவதும் ஒரே சமயத்தில் நடக்கின்றன. ஒரே வெளிச்சத்துக்கு எல்லா மரமும் முட்டி மோதும்போது, முந்தியதன் இலைக்கூரை மூடிக்கொள்கிறது; கீழே சிக்கியது பட்டினியால் சாகிறது. ஆகவே மரம் பட்டுப்போவதை மட்டும் பார்த்து உங்கள் இடம் அழிகிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

அடுத்தது, எது பட்டுப்போகிறது என்று பாருங்கள். குடை போன்ற பெரிய இலையும், சில வகைகளில் எறும்பு குடியிருக்கும் பொள்ளல் தண்டும் உள்ள மகாங் மரங்களாகத்தான் பெரும்பாலும் இருக்கும். லாலாங் புல்லும் செண்டுடுக் செடியும் பிடித்த வெட்டவெளியில் முதலில் தலைதூக்கும் மரங்களில் மகாங் முக்கியமானது. அதன் சின்ன விதைகளைக் கொண்டைக்குருவிகள் தின்று எச்சத்தோடு தூவிவிட்டுப் போகின்றன. வெயில் படும் நாளுக்காக அவை மண்ணுக்குள் காத்துக் கிடக்கும். மகாங் மளமளவென்று வளரும், ஆனால் தன் நிழலில் தன் கன்றையே வளர்க்க முடியாது. இருபது, முப்பது ஆண்டில் அந்தத் தலைமுறை ஏறக்குறைய சேர்ந்தே சாய்கிறது. சரியாக அந்த நேரத்தில்தான் காடு பார்க்க அலங்கோலமாக இருக்கும், "வெறும் புதர்தானே" என்று யாராவது இயந்திரத்தோடு வந்து நிற்பார்கள். எனக்கு இதில் மிகுந்த கோபம் உண்டு. முதல் கூட்டம் விலகி அடுத்த கூட்டத்துக்கு இடம்விடும் ஆண்டுகளை நாம் அழிவின் ஆண்டுகளாகப் படிக்கிறோம்.

இனி எத்தனை ஆண்டு என்ற கேள்வி. அமெரிக்க வெப்பமண்டலத்திலும் மேற்கு ஆப்பிரிக்காவிலும் 77 இடங்களில் தானாக மீண்டு வளர்ந்த காடுகளை ஒப்பிட்ட ஆய்வொன்று 2021-இல் வெளிவந்தது. மண் பத்து ஆண்டுக்குள் தேறிவிடுகிறது. இருபது ஆண்டில் பல அம்சங்கள் சராசரியாக முதிர்காட்டின் 78 விழுக்காட்டை எட்டுகின்றன. ஆனால் மரங்களின் மொத்த எடையும், எந்தெந்த இனம் எந்த விகிதத்தில் என்ற கலவையும் திரும்ப 120 ஆண்டுக்கு மேல் ஆகும் என்று அது கணித்தது.

நம் நாட்டுக்கு நான் அந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டேன். இங்கே பழைய காட்டின் தூண்கள் மெராந்தி, குருயிங், கப்பூர் வகை மரங்கள். இவை ஆண்டுதோறும் காய்ப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, பெரும்பாலும் வறட்சியை ஒட்டி, காடே சேர்ந்து பூத்துக் காய்த்துத் தள்ளும். விதைக்கு இறக்கை உண்டு. ஆனாலும் கனம் அதிகம், சுழன்று சுழன்று தாய்மரத்துக்குப் பக்கத்திலேயே விழும். மண்ணுக்குள் காத்திருக்கவும் தெரியாது. சில நாள், சில வாரத்துக்குள் முளைத்தாக வேண்டும், இல்லையென்றால் செத்துவிடும். எனவே உங்கள் நிலத்துக்கு அருகே தாய்மரம் இருக்கிறதா என்பதுதான் எத்தனை ஆண்டு என்பதைவிட முக்கியமான கேள்வி. இல்லையென்றால் நூறு ஆண்டு காத்தாலும் மெராந்தி தானாக வந்து சேராது என்பதே என் எண்ணம்.

கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆராய்ச்சிக் கழகத்தின் காட்டைப் பார்த்தவர்கள் இதை மறுக்கக்கூடும். ஈயம் தோண்டிப் பாழான நிலமும் காய்கறித் தோட்டமுமாக இருந்த இடம் அது. இன்று நெடிதுயர்ந்த காடு, 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றது. உண்மைதான். ஆனால் 1920-களில் தொடங்கி மனிதர்கள் கன்று சுமந்து வந்து நட்டதால் எழுந்த காடு அது. அங்கே கப்பூர் மரங்களின் கீழ் நின்று அண்ணாந்து பாருங்கள்: ஒன்றின் தழை மற்றொன்றைத் தொடாமல், நடுவே ஆறு ஓடுவதுபோல வானம் கோடு கோடாகத் தெரியும். (சுமத்திராவின் பாரூஸ் துறைக்கு நம் வணிகர்கள் தேடிப்போன கற்பூரம் இந்த இன மரத்திலிருந்து வந்ததுதான், 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று அங்கே கிடைத்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் அந்த மரத்தடியில் எனக்கு இது நினைவுக்கு வரும்.)

முதிர்ந்த காடு எப்படி இருக்கும் என்பதற்கு நெகிரி செம்பிலான் மாநிலத்தின் பாசோ காடு நல்ல அளவுகோல். 1980-களின் நடுவில் அங்கே 50 ஹெக்டேரில் ஒரு சென்டிமீட்டர் விட்டத்துக்கு மேற்பட்ட ஒவ்வொரு தண்டையும் எண்ணினார்கள்: ஏறக்குறைய 3,35,000 மரங்கள், 800-க்கு மேற்பட்ட இனங்கள். அங்கேயும் ஒல்லித் தண்டுகளே மிகுதி. ஆனால் அவற்றில் மேலே நிற்கும் பெருமரங்களின் பிள்ளைகளும் உண்டு. ஒரு மரம் சாய்ந்து வெளிச்சம் திறக்கும்வரை நிழலில் ஆண்டுக்கணக்காகப் பொறுத்திருப்பவை. உங்கள் நிலத்திலோ மேலே இருப்பது ஒரு குடும்பம், கீழே வருவது வேறு குடும்பம்.

அதனால் மரத்தின் உயரத்தைப் பார்த்து மலைக்காமல், குனிந்து முழங்கால் உயரத்துக் கன்றுகளைப் பாருங்கள். என் சதுரத்தில் இப்போது சாய்ந்த மகாங்குகளுக்கு நடுவே நாவல் இனத்துக் கெலாட் கன்றுகளும், கசக்கினால் மணக்கும் மெடாங் கன்றுகளும் வந்திருக்கின்றன; இரண்டும் பறவை கொண்டுவந்தவை. ரப்பர் கன்றும் விடாப்பிடியாக இருக்கிறது. மெராந்தி ஒன்றுகூட இல்லை. நீங்கள் எண்ணும்போது 1.3 மீட்டர் கம்பு ஒன்றும் தையல் நாடாவும் எடுத்துப்போங்கள். கன்றுகளின் இலையை மேற்பக்கம், அடிப்பக்கம் இரண்டும் தெரியப் படமெடுத்து இந்தப் பதிலின் கீழே போட்டால், எவை வந்திருக்கின்றன என்று சேர்ந்து பார்க்கலாம்.