தங்கூசி பிடித்த விரல்

மதிப்பிற்குரிய ஐயா,

இரண்டு வருடங்களாக உப்புவெளிக் கடற்கரையில், விடியற்காலையில், யூடியூப் காணொளிகளைப் பார்த்துத் தாய்ச்சி என்னும் சீனத் தற்காப்புக் கலையைப் பழகி வருகிறேன். உடலை முற்றாகத் தளர்த்தி வைத்தால் உள்ளங்கையில் ‘ச்சீ’ என்னும் உயிர்ச்சக்தி சூடாக ஓடுவது தெரியும் என்கிறார்கள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கராத்தே பழகும் நண்பன் விளையாட்டாகத் தள்ளினாலே பின்னால் போய்விடுகிறேன். சக்தியை உணர எந்த மூச்சுப் பயிற்சியைச் செய்ய வேண்டும்? 2017இல் சீனாவில் ஒரு தாய்ச்சி ஆசிரியர் கலப்புச் சண்டை வீரரிடம் சில வினாடிகளில் அடிபட்டு விழுந்ததைப் பார்த்த பிறகு, இந்த மென்மையால் பயன் உண்டா என்ற ஐயமும் வந்துவிட்டது.

– ஒரு வாசகர், உப்புவெளி

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தில் ‘தளர்த்தி’ என்ற சொல்லைக் கண்டதும் நின்றுவிட்டேன். சில வாரங்களாக நானும் அந்தச் சொல்லோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். சீனத்தில் அதை ‘சொங்’ என்பார்கள். தாய்ச்சி ஆசான் யாங் செங்ஃபு தம் மாணவர்களிடம் அந்த ஒரு சொல்லை ஒரு நாளில் பத்துத் தடவைக்கு மேல் சொல்வார் என்று அவரிடம் பயின்ற செங் மன்சிங் எழுதியிருக்கிறார். அந்தச் சீன எழுத்தின் மரபு வடிவில் மேற்பகுதி கூந்தலைக் குறிப்பது. நம்மிடம் ‘நெகிழ்தல்’ என்ற அழகான சொல் இருக்க, நீங்கள் ஏன் தளர்தலைப் பிடித்துக்கொண்டீர்கள்? முடிச்சு நெகிழ்ந்தால் கயிறு கயிறாகவே இருக்கும். பந்தற்கால் தளர்ந்தால் பந்தல் சரியும். நண்பன் தள்ளியதும் பின்னால் போனதற்கு நீங்கள் வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அந்த 2017ஆம் ஆண்டுச் சண்டையில் உங்களைக் கலங்கவைக்க எதுவும் இல்லை. கலப்புச் சண்டை வீரர் ஷு சியாவ்தொங் அடித்தும் அடிவாங்கியும் பழகியவர். எதிரே நின்ற வெய் லெய் அப்படிப் பழகியவராகத் தெரியவில்லை. அதை அத்தோடு விடுங்கள்.

என் பெரியப்பா உட்துறைமுகத்தில் வள்ளத்தில் போய்க் கைத்தூண்டில் போடுவார். எனக்குப் பத்து வயதிருக்கும்போது ஒருநாள் என்னையும் ஏற்றிக்கொண்டு போனார். ஈயக்குண்டு தரையில் தட்டியதும் ஒரு முழம் மேலே இழுத்து, தங்கூசியை, அதாவது தூண்டில் நைலான் இழையை, சுட்டுவிரலின் முதல் மடிப்பில் கிடத்தி, பெருவிரலால் அழுத்தாமல் அப்படியே விட்டுவிடுவார். நானோ, மீன் பறித்துக்கொண்டு போய்விடும் என்ற பயத்தில், கையில் இரண்டு சுற்றுச் சுற்றி விரல் வெளுக்கும்வரை இறுக்கிப் பிடித்திருந்தேன். அவருக்கு விளைமீன் ஏறிக்கொண்டே இருந்தது. என் தூண்டிலில் ஒவ்வொரு முறையும் இரை மட்டும் காணாமற் போயிருந்தது. “இறுக்கிப் பிடிச்சியெண்டா மீன் கதைக்கிறது உனக்கு விளங்காதடா” என்று சொல்லி என் கையைப் பிரித்தார். நான் உடனே முற்றாக விட்டேன்; தங்கூசி தொய்ந்தது; அப்போதும் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு அவர் தன் விரலின் மேல் என் விரலை வைத்து, தொய்வு எடுபடும் அளவுக்கு மட்டும் தங்கூசியை அதன் மேல் நிறுத்தினார். நீரோட்டம் இழுப்பதும், ஈயம் பாறையில் உரசுவதும், அவை இரண்டிலிருந்தும் வேறான ஒரு சின்னக் கொத்தலும் தனித்தனியாக என் விரலுக்கு வந்தன.

தம்பி, நீங்கள் தேடும் மென்மை அந்த விரலில் இருந்தது. சீன ஆசான்கள் இதற்கு ‘டிங் ஜின்’, அதாவது கேட்கும் விசை, என்று பெயரிட்டார்கள். தொடுகையால் அறிவதற்குக் காதின் வினையைக் கடன் வாங்கினார்கள். இதை மாயம் என்று எண்ண வேண்டாம். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ஆய்வு செய்த எர்ன்ஸ்ட் வேபர், ஆட்களை எடை தூக்கவைத்துச் சோதித்து, நாம் உணரக்கூடிய மிகச் சிறிய வேறுபாடு ஏற்கெனவே கையிலிருக்கும் சுமைக்கு விகிதமாகவே அமைகிறது என்று கண்டார். ஒரு கிலோ அரிசிப் பையில் 50 கிராம் கூடினால் கை கண்டுகொள்ளும். 20 கிலோ மூட்டையில் அதே 50 கிராம் கூடினால் கைக்குத் தெரியாது. இருவர் முன்கையை ஒட்டிவைத்துத் தள்ளிப் பழகும் ‘துய்ஷோ’ பயிற்சியிலும் இதுவே நடக்கிறது. நீங்கள் அழுத்திக்கொண்டு நின்றால், எதிரே நிற்பவன் தள்ளுவதற்கு முன் தன் எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றும் அந்தச் சின்ன அசைவு உங்கள் சொந்த விசைக்குள்ளேயே அமுங்கிப்போகும். கையைத் தொய்யவிட்டால் அந்த அசைவு உங்கள் உடலுக்கு வந்து சேர வழியே இல்லை.

இரண்டு வருடமாக நீங்கள் உங்கள் உள்ளங்கையையே ஒற்றுக்கேட்டுக்கொண்டிருந்தீர்கள். எனக்கு இதில் கோபம் உண்டு. தோளும் முழங்கையும் நெகிழ்ந்தால் கைக்கு இரத்தம் தாராளமாக வரும், கை சூடாகும். வரும்போது வரட்டும், அதை எண்ணிக்கொண்டு நிற்காதீர்கள். கொழும்பில் பணம் கட்டிப் போன ஒரு பயிலரங்கில், தொடாமலே மாணவர்களை விழுத்தும் ஒருவரைக் கண்டேன். என் முறை வந்தபோது நானும் விழுந்தேன். எந்த விசையும் என்மேல் படவில்லை. எனக்கு முன் விழுந்தவர்களைத் தலைகுனிய வைக்க மனம் வரவில்லை, அதனால்தான் விழுந்தேன். அன்று உடம்பால் சொன்ன பொய்க்காக இன்றும் வருந்துகிறேன். சக்தி சக்தி என்று அலையும் இளைஞர்களிடம் நான் கடுமையாகப் பேசுவது அதனால்தான்.

ஆனாலும் இரண்டு வருடம் விடியற்காலையில் எழும்பிய பிள்ளையை எனக்குப் பிடித்திருக்கிறது. நாளை அலை நனைத்த ஈரமணலில் நின்று பழகிவிட்டு, உங்கள் அடிச்சுவட்டைத் திரும்பிப் பாருங்கள். குதிகால் மட்டும் ஆழமாகப் பதிந்திருந்தால், ஒருவரும் தள்ளாதபோதே நீங்கள் பின்னால் சாய்ந்து நிற்கிறீர்கள் என்று பொருள். காணொளிகளை ஆறு மாதம் மூடிவையுங்கள். அந்தக் கராத்தே நண்பனைக் கைவிடாதீர்கள். மணிக்கட்டோடு மணிக்கட்டை ஒட்டி, கண்ணை மூடிக்கொண்டு, அவனுடைய எடை எந்தக் காலில் இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பிழைத்தால் அவன் திருத்தட்டும். மூச்சை அடக்காமல் விட்டால் போதும்.

ஒருநாள் பின்னேரம் வாருங்கள். எனக்குத் தெரிந்த ஒருவரிடம் வள்ளம் இருக்கிறது. தங்கூசியும் ஈயமும் நான் கொண்டு வருகிறேன்.