கம்பி, அரிவாள், பால்கனி: கேட்டதும் சொன்னதும்

கே: எஃப்இ 500, 500டி ரெண்டுக்கும் என்ன வித்தியாசம் சார்? கடையில் டி-க்கு விலை கூடச் சொல்றாங்க.

ப: இரண்டுமே கான்கிரீட்டுக்குள் போடும் கம்பியின் தரப் பெயர்; எண் உறுதியைக் குறிக்கும். டி இருந்தால் கூடுதலாக நீளும். 12 எம்எம் கம்பியில் 60 மில்லிமீட்டர் தள்ளி இரண்டு புள்ளி குத்தி, இழுவை மெஷினில் மாட்டுவோம். சுமார் ஐந்தே முக்கால் டன் தாண்டும்போது முள் தயங்கும், கம்பி மேலிருக்கும் கருப்புச் செதில் பொடியாக உதிரும். யீல்டு ஆகிவிட்டது என்று அர்த்தம். அதற்கு முன்னால் விட்டால் பழைய நீளத்துக்குத் திரும்பும், பிறகு திரும்பாது. இன்னும் இழுத்தால் ஓரிடத்தில் கழுத்து மாதிரி ஒடுங்கி, வெடிச் சத்தத்தோடு அறும். அறுந்த முனையை உடனே தொட்டால் சுடும். துண்டுகளைச் சேர்த்து வைத்து அளந்தால் 500-ல் குறைந்தது 67.2 மில்லிமீட்டர், 500டி-யில் 69.6 வர வேண்டும். கம்பிக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 1786 கேட்பது அவ்வளவுதான். இந்த இரண்டரை மில்லிமீட்டருக்கா கூட விலை என்றால், ஆமாம். நிலநடுக்கத்தில் கட்டிடம் பட்டென்று விழாமல் இழுத்துப் பிடிப்பது அதுதான்.

கே: எந்த கம்பெனி கம்பி நல்லது?

ப: பெயர் சொல்ல மாட்டேன். லோடோடு டெஸ்ட் சர்டிபிகேட் கேளுங்கள்.

கே: துருப் பிடித்த கம்பியைப் போடலாமா?

ப: மேலோட்டமாகப் பழுப்பாக இருந்தால் கவலையில்லை. செதிலாக உரிந்தால் பிரஷ் போட்டுத் தேய்த்து, ஒரு மீட்டர் வெட்டி எடை பாருங்கள். 12 எம்எம் 888 கிராம் இருக்கணும். ரொம்பக் குறைந்தால் வேண்டாம்.

கே: பால்கனியில் நடந்தால் அதிருது ஐயா. 500 போட்டோம். 550 போட்டிருந்தா இப்படி ஆகாதுன்னு மேஸ்திரி சொல்றார்.

ப: ஆகியிருக்கும். உறுதி வேறு, விறைப்பு வேறு. ஒரு மீட்டர் 12 எம்எம் கம்பியில் ஒரு டன் தொங்கவிட்டால் 0.43 மில்லிமீட்டர் நீளும். 415, 500, 550 எதுவானாலும் அதே கணக்குதான். 550 என்று சொல்லிக் கம்பியைக் குறைத்திருந்தால் இன்னும் தொய்ந்திருக்கும். விறைப்பு கான்கிரீட் கனத்தில் இருக்கிறது: 100 மில்லிமீட்டரை 125 ஆக்கினால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

இன்னொன்று. பால்கனியில் மெயின் கம்பி மேல்பக்கம் வரணும். கான்கிரீட் கொட்டும்போது ஆட்கள் மிதித்துக் கீழே இறக்கிவிடுவார்கள். சுவரை ஒட்டி மேல்தளத்தில் விரிசல் இருந்தால் இன்றைக்கே முட்டுக் கொடுத்துவிட்டு இன்ஜினியரைக் கூப்பிடுங்கள்.

கே: ஒத்துக்க முடியல சார். லாரி வில்பட்டை சாதா இரும்பைவிட விறைப்பு இல்லையா?

ப: இல்லை. அதே அளவு சாதாப் பட்டையும் அதே பாரத்துக்கு அதே அளவுதான் வளையும். வில்பட்டைக்கு யீல்டு நான்கு மடங்குக்கு மேல். அதனால் பாரம் எடுத்ததும் நிமிர்ந்துகொள்கிறது.

கே: ஏட்டுச் சுரைக்காய் பேசாதீங்க. நான் பட்டறை வச்சிருக்கேன்.

ப: பட்டறை இருப்பது நல்லதாயிற்று. ஒரே அகலம், ஒரே கனத்தில் வில்பட்டை ஒன்று, சாதாப் பட்டை ஒன்று. ஒரு முனையை வைஸில் பிடித்து மறுமுனையில் ஒரே எடையைத் தொங்கவிட்டு அளந்து சொல்லுங்கள்.

கே: துருப் பிடித்த கம்பி...

ப: மேலே இருக்கிறது.

கே: காய்ச்சித் தண்ணியில் தோய்த்த அரிவாள் வாய் சில்லு சில்லா உடைஞ்சு போகுது. இரும்பு மோசமா?

ப: இரும்பு சரிதான், வேலை பாதியில் நிற்கிறது. தோய்த்ததும் கண்ணாடி மாதிரி கடினமும் நொறுங்கலும் சேர்ந்தே வரும். துலக்கிவிட்டு மறுபடி மெதுவாகச் சூடு காட்டுங்கள். வைக்கோல் நிறம் தாண்டிப் பழுப்பு ஓடும்போது எடுத்துவிடுங்கள். கொஞ்சம் கடினம் போகும், வாய் நிற்கும்.

கே: 16 எம்எம் வளைய மாட்டேங்குது. கேஸ் வெல்டிங்கில் சுட்டு வளைக்கலாமா?

ப: கூடாது. கட்டிடத்துக்குப் போடும் இந்த டிஎம்டி கம்பியின் வெளித்தோலைத் தண்ணீரில் அடித்துத்தான் உறுதி ஏற்றியிருக்கிறார்கள். செக்கச் சிவக்கச் சுட்டால் அது போய்விடும். எத்தனை தடவை சொல்வது! வளைத்ததை நிமிர்த்தி மறுபடி வளைக்கவும் கூடாது.

கே: பட்டறைக்காரன்தான் சார். ரெண்டும் ஒரே மாதிரிதான் தொங்குச்சு. எடையைக் கூட்டினேன், சாதாப் பட்டை நிமிரல.

ப: என்ன எடையில் நிமிராமல் போனது, பட்டை கனம் எவ்வளவு? இரண்டையும் போடுங்கள், யீல்டு கணக்குப் போட்டுவிடலாம்.

கே: 8 எம்எம் எடை?

ப: மீட்டருக்கு 395 கிராம்.