ஸார்க்கைக் காணோம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எண்பதுகளின் தொடக்கத்தில் லண்டனில் வளர்ந்தவன் நான். பள்ளிவிட்டு வந்ததும் பிபிசியில் 'பேட்டில் ஆஃப் தி பிளானெட்ஸ்' என்ற கார்ட்டூன் பார்ப்பேன். மகளுக்குக் காட்டலாம் என்று தேடியபோது அதன் ஜப்பானிய மூலம் 'கச்சாமன்' கிடைத்தது. ஐந்து எபிசோட் பார்த்தோம். கோள்கள் எங்கே? எல்லாமே பூமியில் நடக்கிறது. ஸார்க் என்ற ரோபோ ஒரு காட்சியில்கூட இல்லை. ஆட்கள் செத்து விழுகிறார்கள். கடைசி எபிசோடைத் தள்ளிப் பார்த்தால் நாயகர்கள் ஐவரில் ஒருவனான ஜேசன் சாகக் கிடக்கிறான். ஜேசன் சாகவில்லை என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஜப்பானியர்கள் ஸார்க்கை ஏன் வெட்டினார்கள்? பின்னால் மாற்றி எடுத்தார்களா? அல்லது எனக்குத்தான் நினைவு பிசகிவிட்டதா?

ஆர்., லண்டன்

அன்புள்ள ஆர்.,

நினைவு பிசகவில்லை. ஸார்க்கை யாரும் வெட்டவும் இல்லை. முதலிலேயே இல்லாத ஆளை எப்படி வெட்டுவது? நீங்கள் சின்ன வயதில் பார்த்ததுதான் ஒட்டுப்போட்ட வேட்டி.

'கச்சாமன்' 1972 அக்டோபர் 1 முதல் 1974 செப்டம்பர் 29 வரை ஜப்பானில் ஒளிபரப்பானது. மொத்தம் 105 எபிசோட். தட்சுனோகோ நிறுவனத்தைத் தொடங்கிய தட்சுவோ யோஷிதா உருவாக்கியது. கேலக்டர் என்ற ரகசிய இயக்கம் உலகைப் பிடிக்கப் பார்க்கிறது. பறவை உடையணிந்த ஐந்து பேர் தடுக்கிறார்கள். களம் பூமிதான். கேலக்டருக்கு மேலே இருந்து ஆட்டுவிக்கும் 'எக்ஸ்' மட்டும் வேற்றுலகத்தைச் சேர்ந்தது, அதுவும் முடிவில்தான் வெளிப்படுகிறது.

சாண்டி ஃபிராங்க் என்ற அமெரிக்க விநியோகஸ்தர் 1977 இல் கான் நகரத் தொலைக்காட்சிச் சந்தையில் இதைப் பார்த்தார். அதே ஆண்டு மே மாதம் 'ஸ்டார் வார்ஸ்' வந்தது. அதற்குப் பிறகு விண்வெளி இல்லாத சாகசக் கார்ட்டூனை யார் வாங்குவார்கள்? கையில் இருந்ததோ பூமியில் நடக்கும் கதை. அதை விண்வெளிக்கு ஏற்றினார்கள். 1978 இல் அமெரிக்க நிலையங்களுக்குப் போன இந்தப் புது வடிவம்தான் 'பேட்டில் ஆஃப் தி பிளானெட்ஸ்'.

ஏற்றிய முறை எளிது. கேலக்டர் ஸ்பெக்ட்ரா என்ற கோளாயிற்று. பூமியின் நகரங்கள் வேற்றுக் கோள்களின் நகரங்களாயின. கப்பல் நட்சத்திரங்களுக்கு நடுவே பறக்கும் காட்சியை முன்னால் ஒட்டி, பின்னணிக் குரலில் ஒரு கோளின் பெயரைச் சொல்லிவிட்டால் போதும். தலைப்பிலேயே வேலை தெரியும். ஜப்பானில் முதல் எபிசோடின் பெயர் 'கச்சாமன் எதிர் டர்டில் கிங்'. அமெரிக்காவில் அதுவே 'அட்டாக் ஆஃப் தி ஸ்பேஸ் டெராப்பின்'. புயலை வரவழைக்கும் மம்மி, 'ஸ்பேஸ் மம்மி' ஆனது. ஆமைக்கும் பிணத்துக்கும் முன்னால் 'ஸ்பேஸ்' என்று ஒரு சொல், விண்வெளி வந்துவிட்டது!

ஸார்க் வந்தது வேறு காரணத்துக்காக. எழுபதுகளில் அமெரிக்காவில் குழந்தைகள் நிகழ்ச்சிகளில் வன்முறைக்கு எதிராகப் பெற்றோர் அமைப்புகள் கடுமையாகப் போராடிக்கொண்டிருந்தன. 'ஆக்‌ஷன் ஃபார் சில்ரன்ஸ் டெலிவிஷன்' அவற்றில் முக்கியமானது. கச்சாமனிலோ கத்தி, துப்பாக்கி, ரத்தம், கூட்டம் கூட்டமாகச் சாவு. வெட்டத்தான் வேண்டும். வெட்டினால் நேரம் குறைகிறது. அரைமணி நேர இடத்தில் விளம்பரம் போக இருபது நிமிடத்துக்கு மேல் படம் வேண்டும். வெட்டிய சண்டைக்குப் பதிலாக எதையாவது நிரப்பியாக வேண்டும். அந்த நிரப்புப் பொருளின் பெயர்தான் செவன் ஸார்க் செவன். ஸ்டார் வார்ஸின் ஆர்-டூ-டி-டூ ரோபோவைப் பார்த்த கண்ணுக்கு அதன் உருவம் எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தேவையில்லை.

ஸார்க் பேசிக்கொண்டே இருப்பது ஏன் என்று இப்போது புரியும். கடலடித் தளத்தில் உட்கார்ந்தபடி, வெட்டில் தொலைந்த கதையைச் சொல்லிக் கோத்துவிட வேண்டும். நகரம் இடிந்து விழுந்தால், மக்களை முன்பே வெளியேற்றியாகிவிட்டது என்று பூசி மெழுக வேண்டும். மிச்ச நேரத்துக்கு நகைச்சுவை: ஒன் ரோவர் ஒன் என்ற ரோபோ நாய், புளூட்டோவிலிருந்து எச்சரிக்கை அனுப்பும் சூசனின் குரல், அந்தக் குரல்மேல் ஸார்க்குக்கு மயக்கம். ஐவரோடும் அது திரை வழியாகத்தான் பேசும். வேறு நாட்டில் முன்பே எடுத்து முடித்த படச்சுருளுக்குள் அதை நுழைக்க வழி ஏது?

உண்மையைச் சொன்னால் ஸார்க் காட்சிகள் மோசமானவை. கோடு தடிமன், அசைவு குறைவு, ஒரே அறை. கச்சாமனின் உடல்களில் எலும்பும் தசையும் தெரியும்; பக்கத்தில் இது பொம்மைக் கடை. ஆனால் அதற்குக் குரல் கொடுத்த ஆலன் யங்கைக் குறை சொல்ல முடியாது. ஐவரில் சின்னப் பையனான கீயோப்பின் குரலும் அவருடையதே. வில்லன் ஜோல்டாரின் குரல் கீ லூக். ஐவரின் தலைவன் மார்க்குக்குப் பேசியது கேஸி கேசம், அமெரிக்க வானொலியின் பெரிய குரல்களில் ஒன்று. ஹாய்ட் கர்ட்டினின் இசையையும் குறைத்து மதிப்பிட மாட்டேன். உங்கள் காதில் இன்னும் இருப்பது அசெய் கோபயாஷியின் ஜப்பானிய முகப்புப் பாட்டு அல்ல, கர்ட்டின் போட்டதுதான்.

பூசி மெழுகியதில் உச்சம் ஜோல்டார். ஜப்பானிய மூலத்தில் இந்த வில்லனின் பெயர் பெர்க் கட்சே, ஆணாகவும் பெண்ணாகவும் மாறும் பிறவி. பெண்ணாக வரும் காட்சிகளைத் தூக்கவும் முடியாது, குழந்தைகளுக்கு விளக்கவும் முடியாது. அமெரிக்கர்கள் 'அது ஜோல்டாரின் தங்கை மாலா' என்றார்கள். முழுப் பூசணிக்காய், ஒரு பிடி சோறு. கீயோப் இடையிடையே எழுப்பும் விநோத ஒலிகளுக்கும் அவன் செயற்கையாக உருவாக்கப்பட்டவன் என்று ஒரு காரணம் வைத்தார்கள். மூலத்தில் அவன் பெயர் ஜின்பே, சாதாரண வாயாடிப் பையன்.

105 இல் 85 மட்டும் அமெரிக்காவுக்குப் போயின. திங்கள் முதல் வெள்ளி வரை தினம் ஒன்று போட்டால் சரியாக 17 வாரம். இந்த வார நாள் கணக்கு அந்தக் காலத்து இறக்குமதிகளை வெகுவாக ஆட்டியது. 1985 இல் வந்த 'ரோபோடெக்' சம்பந்தமில்லாத மூன்று ஜப்பானியத் தொடர்களை ஒரே கதையாகத் தைத்தது, அதுவும் 85. விதிவிலக்கு 1979 இன் 'ஸ்டார் பிளேசர்ஸ்', இன்னொரு ஜப்பானிய இறக்குமதி. அதில் வரும் மருத்துவரின் சாக்கே மதுவை ஊற்றுத் தண்ணீர் ஆக்கினார்கள், ஆனால் தொடர்கதையைத் தொடர்கதையாகவே விட்டார்கள். அதன் மூலம் முதலிலேயே விண்வெளிக் கதை என்பது ஒரு வசதி.

ஜேசன் விஷயம். ஜப்பானில் அவன் பெயர் ஜோ. இமயத்தில் இருக்கும் கேலக்டர் தலைமையகத்துக்குத் தனியாகப் போய், குண்டடிபட்டு, சாகும் நேரத்தில் அவன் எறிந்த இறகு ஆயுதம் இயந்திரத்தின் பல்சக்கரத்தில் சிக்கி உலகைக் காப்பாற்றுகிறது. அமெரிக்க வடிவத்தில் ஜேசன் சாகவில்லை. நீங்கள் நினைவு வைத்திருப்பது சரி. 1978 இல் தொடங்கிய 'கச்சாமன் 2' இல் ஜப்பானியர்களும் அவனை சைபோர்க்காக, அதாவது பாதி இயந்திர மனிதனாக, திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள், அது வேறு.

மகளோடு பார்க்கப் போகிறீர்கள் என்பதால் ஓர் எச்சரிக்கை. மூன்றாவதாக ஒரு வடிவம் உண்டு: 1986 இன் 'ஜி-ஃபோர்ஸ்: கார்டியன்ஸ் ஆஃப் ஸ்பேஸ்'. அதில் ஸார்க் இல்லை, மூலத்துக்கு நெருக்கம், ஆனால் தலைவனின் பெயர் ஏஸ் குட்ஹார்ட். அந்தப் பெயர் காதில் விழுந்தால் தவறான வட்டைப் போட்டுவிட்டீர்கள். ரைனோ நிறுவனம் வெளியிட்ட அமெரிக்க டிவிடிகளில் பேட்டில் ஆஃப் தி பிளானெட்ஸ் எபிசோடும் அதன் வெட்டப்படாத கச்சாமன் மூலமும் ஒரே வட்டில் இருக்கும். பழையதாகத்தான் கிடைக்கும். லண்டன் பிளேயரில் ஓடுமா என்று மண்டலக் குறியைப் பார்த்து வாங்குங்கள்.

அமெரிக்க வடிவத்தை முதலில் ஓடவிடுங்கள். தையல் இருக்கும் இடங்கள் சீக்கிரமே கண்ணில் படும். கறுப்பு வானில் பறந்த கப்பல் அடுத்த ஷாட்டில் நீல வானிலும் மேகத்திலும் இருக்கும். இசை பாதியில் துள்ளி வேறு இடத்தில் தொடங்கும். மார்க் கையை ஓங்குவான், அடி விழாது, எதிரி தரையில் கிடப்பான். ஸார்க் வாய் திறந்ததும் நிறுத்தி, கச்சாமனில் அதே இடத்துக்குப் போங்கள். பெரும்பாலும் அங்கே ஒரு சண்டை ஓடிக்கொண்டிருக்கும். அது மகள் தூங்கிய பிறகு பார்க்க வேண்டிய சண்டையா என்று நீங்கள் முதலில் பார்த்துவிடுங்கள்.