முடி கொட்டுகிறதா, மெலிகிறதா? வாசகர் கேள்விகளுக்குத் தோல் மருத்துவர்கள் பதில்

குழந்தை பிறந்து நான்கு மாதம் ஆகிறது. தலைக்குக் குளித்தால் முடி கொத்துக் கொத்தாக வருகிறது. இப்படியே போனால் மொட்டையாகிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. தாய்ப்பால் கொடுக்கிறேன், ஏதாவது மருந்து தடவலாமா?

மொட்டையாக மாட்டீர்கள். தலையில் ஏறத்தாழ 1,00,000 முடிகள் உண்டு. ஒவ்வொன்றும் 2 முதல் 6 வருடம் வளர்ந்து, சுமார் 3 மாதம் ஓய்வில் கிடந்து, பிறகு உதிரும். எல்லாம் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போவதில்லை என்பதால் சாதாரண நாளில் 50 முதல் 100 முடிதான் விழுகிறது. கர்ப்ப காலத்தில் ஹார்மோன்கள் முடியை வளர்ச்சியிலேயே பிடித்து வைக்கின்றன. பிரசவமானதும் பிடி விட்டுப்போகிறது. அத்தனை முடியும் சேர்ந்து ஓய்வுக்குப் போய், இரண்டு மூன்று மாதம் கழித்து மொத்தமாக விழுகிறது. கடும் காய்ச்சல், அறுவை சிகிச்சை, பட்டினி கிடந்து எடை குறைத்தல், இவற்றுக்குப் பிறகு வருவதும் இதே வகைதான். ஆகவே முடி கொட்டினால் நேற்று மாற்றிய ஷாம்பூவைத் திட்டாதீர்கள். மூன்று மாதத்துக்கு முன் உடம்புக்கு என்ன நடந்தது என்று யோசியுங்கள்.

விழுந்த முடி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் வேர்முனையைப் பாருங்கள். ஊசித்தலை மாதிரி சின்ன வெள்ளைக் குமிழ் தெரிந்தால் அது ஓய்வு முடிந்து உதிர்ந்த முடி. அந்த வேர்க்கால் பத்திரமாக இருக்கிறது, புது முடி வரும். இரண்டு முனையிலும் குமிழே இல்லையென்றால் அது கொட்டியதல்ல, நடுவில் ஒடிந்தது. சாயம், சூடு, ஈரத்தலையில் அழுத்திச் சீவுவது என்று காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும்.

நெற்றியோரம் குட்டை முடிகள் குத்திட்டு நிற்க ஆரம்பித்தால் மீண்டு வருகிறது என்று பொருள். குழந்தையின் முதல் பிறந்தநாளுக்குள் பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிடும். அதற்குள் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் சேமித்திருக்கும் இரும்பின் அளவு), டி.எஸ்.எச். (தைராய்டு பரிசோதனை) மூன்றையும் ரத்தத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பிரசவத்தில் போன ரத்தமும், பிரசவத்துக்குப் பின் சிலருக்கு வரும் தைராய்டு கோளாறும் இந்தக் கொட்டுதலை நீட்டிக்கும். முடி வளரத் தலையில் தடவும் மினாக்ஸிடில் மருந்து இப்போது வேண்டாம். கர்ப்பத்திலும் தாய்ப்பால் கொடுக்கும்போதும் அதைத் தவிர்க்கிறோம்.

வயது 24. இரண்டு பக்கமும் நெற்றி ஏறுகிறது, உச்சியிலும் மண்டை தெரிகிறது. அப்பாவுக்குத் தலைநிறைய முடி, எனக்கு மட்டும் ஏன்? மினாக்ஸிடில் போட்டேன், மூன்றாவது வாரத்தில் இன்னும் அதிகமாகக் கொட்டியதால் பயந்து நிறுத்திவிட்டேன்.

நிறுத்தியதுதான் தவறு. அதற்கு முன் காரணத்தைப் பார்ப்போம். பரம்பரை வழுக்கை அப்பா வழியாக மட்டும் வருவதில்லை. தாய், தந்தை இரு வழி மரபணுக்களும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. டெஸ்டோஸ்டிரோன் வேர்க்காலில் டி.எச்.டி. என்ற ஹார்மோனாக மாறுகிறது. உச்சி, முன்நெற்றி வேர்க்கால்கள் சிலருக்கு அதைத் தாங்காது. ஒவ்வொரு சுற்றிலும் முடி முன்னதைவிட மெலிந்தும் குட்டையாகவும் முளைத்து, கடைசியில் பூனைமுடி அளவுக்கு வந்து நிற்கும். பிடரி முடிக்கு டி.எச்.டி. பொருட்டே இல்லை. முழு வழுக்கையிலும் பின்னால் ஒரு பட்டை மிஞ்சுவது அதனால்தான்.

மினாக்ஸிடில் முதலில் ரத்தக்கொதிப்பு மாத்திரையாக வந்த மருந்து. சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி வளர்ந்ததைப் பார்த்துத்தான் தலையில் தடவும் திரவமாக்கினார்கள். அது ஓய்வில் கிடக்கும் முடிகளை அவசரமாக வெளியே தள்ளிப் புது முடிக்கு இடம்விடும். அதனால் 2 முதல் 8 வாரம் வரை கொட்டுதல் கூடும். மருந்து வேலைசெய்யத் தொடங்கியதன் அடையாளம் அது. நம்மிடம் வருபவர்களில் பலர் கைவிடுவதும் சரியாக இந்த இடத்தில்தான்.

ஆண்களுக்கு 5 சதவீதத் திரவம், காலை 1 மில்லி, இரவு 1 மில்லி. தலை உலர்ந்திருக்க வேண்டும். வகிடு வகிடாகப் பிரித்து, முடியில் அல்ல, தோலில் சொட்டவிட்டு விரல்நுனியால் பரப்புங்கள். 4 மணி நேரம் தலை நனையக்கூடாது. இரவு படுப்பதற்கு 2 மணி நேரம் முன்பே போட்டுவிட்டால் தலையணையில் ஒட்டி முகத்துக்கு வராது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வீட்டில் பூனை இருந்தால் அது உங்கள் தலையை நக்கவிடாதீர்கள், பூனைக்கு இது விஷம். அரிப்பும் செதிலும் வந்தால் பெரும்பாலும் திரவத்திலுள்ள புரோப்பிலீன் கிளைக்கால்தான் காரணம். அது இல்லாத நுரை வடிவத்துக்கு மாறலாம். பலன் தெரிய 4 மாதமாவது ஆகும், தீர்ப்பு ஒரு வருடத்தில். தினமும் கண்ணாடி பார்ப்பதைவிட, 3 மாதத்துக்கு ஒருமுறை அதே விளக்கடியில் அதே கோணத்தில் ஒரு படம் எடுங்கள். நிறுத்தினால் கிடைத்த முடி சில மாதங்களில் போய்விடும்.

டி.எச்.டி.யையே குறைப்பது ஃபினாஸ்டெரைடு, தினம் 1 மில்லிகிராம் மாத்திரை. மருத்துவர் எழுதிக்கொடுத்துத்தான் தொடங்க வேண்டும். சிலருக்குப் பாலுணர்வு குறைவதும் விறைப்பில் சிக்கலும் வருகின்றன, மனச்சோர்வும் பதிவாகியிருக்கிறது. வந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். மாத்திரை சாப்பிடும்போதும் நிறுத்தி ஒரு மாதம் வரையிலும் ரத்ததானம் கூடாது. உடைந்த மாத்திரையைக் கர்ப்பிணிகள் தொடக்கூடாது. வயிற்றிலிருப்பது ஆண் குழந்தையானால் அதன் பிறப்புறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கும். பின்னாளில் புராஸ்டேட் சுரப்பிக்கான பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை எடுத்தால் இந்த மாத்திரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த அளவைப் பாதியாகக் குறைத்துக் காட்டும்.

எனக்கு 46 வயது. முடி அதிகமாகக் கொட்டவில்லை. ஆனால் வகிடு மட்டும் அகலமாகிக்கொண்டே போகிறது.

இது பெண்களுக்கு வரும் பரம்பரை மெலிவு. முன்நெற்றிக் கோடு அப்படியே இருக்கும், நடுவகிடு விரியும். கொட்டுவது கண்ணில் படாததால் வருடக்கணக்கில் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். மினாக்ஸிடில் 5 சதவீத நுரை தினம் ஒருமுறை, அல்லது 2 சதவீதத் திரவம் இருமுறை. நெற்றியில் வழிந்தால் உடனே துடையுங்கள், அங்கேயும் முடி வரும். மாதவிலக்கு ஒழுங்கற்றோ முகத்தில் முடி புதிதாக வளர்ந்தோ இருந்தால் ஹார்மோன் பரிசோதனை முதலில்.

ஏழு வயது மகனின் தலையில் ஒரு ரூபாய் அகலத்தில் வட்டமாக முடி போய்விட்டது. புழுவெட்டு என்கிறார்கள். மருந்துக்கடையில் கொடுத்த களிம்பைப் போட்டும் குறையவில்லை.

பெயர்தான் புழுவெட்டு, எந்தப் புழுவும் வெட்டுவதில்லை. சொந்த நோய் எதிர்ப்பு அணுக்களே வேர்க்காலைத் தாக்குவது அது. ஆனால் இந்த வயதில் படர்தாமரையும் இதே மாதிரி வட்டம் போடும், மருந்தோ முற்றிலும் வேறு. வட்டத்தைத் தடவிப் பாருங்கள். வழுவழுவென்று, செதிலில்லாமல், ஓரத்தில் மேலே தடித்து அடியில் மெலிந்த குட்டை முடிகள் இருந்தால் புழுவெட்டு. நகத்தில் ஊசி குத்தினாற்போலச் சிறு பள்ளங்களும் இருக்கலாம். சொரசொரப்பு, செதில், தோல் மட்டத்தில் ஒடிந்த கரும்புள்ளிகள், அரிப்பு என்றால் படர்தாமரை.

படர்தாமரையை உண்டாக்கும் பூஞ்சை முடியின் உள்ளேயே இருப்பதால் மேல்பூச்சு அங்கே போய்ச் சேராது. களிம்பு தோற்றதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் பூஞ்சைக்கு இன்னும் வசதி. செதிலைச் சுரண்டிச் சோதித்துவிட்டு, எடைக்கேற்பப் பூஞ்சை மாத்திரை பல வாரம் கொடுக்க வேண்டும். சீப்பு, தொப்பி, துண்டு தனி. கூடப் படுக்கும் குழந்தைகளின் தலையையும் பாருங்கள். கொழகொழவென்று வீங்கிச் சீழ் கோத்தால் தள்ளிப்போடாதீர்கள், தழும்பான இடத்தில் முடி திரும்பாது. புழுவெட்டு என்று உறுதியானால் பதற்றம் வேண்டாம். ஓரிரு சிறு வட்டங்கள் ஒரு வருடத்துக்குள் தானாகவே மூடிக்கொள்வதும் உண்டு. பெரியவர்களுக்கு வட்டத்துக்குள்ளேயே 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை ஸ்டீராய்டு ஊசி. இந்த வயதுக்கு மேல்பூச்சே போதும். எரிச்சலூட்டும் எதையும் தேய்த்துக் கொப்புளமாக்காதீர்கள்.

பயோட்டின் மாத்திரை தொடர்ந்து சாப்பிடலாமா?

பயோட்டின் குறைபாடு அபூர்வம். குறைபாடே இல்லாதவருக்கு அதனால் முடி வளரும் என்பதற்கு நல்ல சான்று இல்லை. தொந்தரவு வேறிடத்தில் வருகிறது: அதிக அளவு பயோட்டின் தைராய்டு, இதயப் பரிசோதனை முடிவுகளைத் தவறாகக் காட்டும். பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கும் முன் மருத்துவரிடம் சொல்லி நிறுத்துங்கள். வைட்டமின் ஏ, செலினியம் அளவு மீறினால் அவையே முடியைக் கொட்டவைக்கும். டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

முடி நட்டு மூன்று வாரம். நட்டதெல்லாம் உதிர்கிறது. ஏமாந்துவிட்டேனா?

இல்லை. நட்ட முடியின் தண்டு 2 முதல் 4 வாரத்தில் உதிரும். வேர்க்கால் உள்ளே தங்கிவிடும். மூன்று நான்கு மாதத்தில் முளைக்கத் தொடங்கி, முழு அடர்த்திக்கு ஒரு வருடம் ஆகும். பிடரியிலிருந்து எடுத்ததால் நட்ட முடி நிற்கும், பக்கத்திலுள்ள பழைய முடி தன் பாட்டுக்கு மெலிந்துகொண்டே இருக்கும்; அதற்கான மருந்தை விட்டால் நட்ட இடம் தனித் தீவாகத் தெரியும். சீழ், பரவும் வலி, காய்ச்சல் இருந்தால் மட்டும் இன்றைக்கே போய்க் காட்டுங்கள்.