650 டாலரும் வேண்டாம், அட்வான்ஸும் வேண்டாம்

அன்புள்ள அண்ணே,

நேற்று பாப்பா அடுத்து என்ன படிப்பது என்று கேட்க வந்துவிட்டு நீங்களும் அண்ணியும் பாப்பாவும் கிளம்பும்போது "யோசித்துச் சொல்கிறேன்" என்று சொல்லி அனுப்பினேன். அண்ணி கண் கலங்கி உட்கார்ந்திருந்ததால் சொன்னது அது. உண்மையில் யோசிக்க எதுவும் இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் அட்வான்ஸ் கட்டச் சொல்லியிருக்கிறார்களாமே, அதனால் இன்றைக்கே எழுதிவிடுகிறேன்.

என் மேசையில் இரண்டு தாள் வைத்தீர்கள். ஒன்று அந்தத் தனியார் பொறியியல் கல்லூரியின் தாள். மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ், நாலு வருஷமும் ஹாஸ்டலும் சேர்த்து 11 லட்சம், இடத்தைப் பிடித்து வைக்க 50,000. இன்னொன்று பாப்பாவுக்கு மெயிலில் வந்தது. ஏதோ சர்வதேச இளைஞர் பருவநிலை மாநாட்டுக்கு "இந்தியப் பிரதிநிதியாக" அவளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம். வெளிநாட்டில் நாலு நாள், கட்டணம் 650 டாலர், விமான டிக்கெட் தனி. "மாநாட்டுக்கு அனுப்பினால் கம்ப்யூட்டரில் சேர்கிறேன் என்கிறாள், சரி, போய்விட்டு வரட்டும் என்று நினைக்கிறோம்" என்றீர்கள். நல்ல பேரம்தான். ஆனால் இரண்டு பக்கமும் நஷ்டப்படுவது உங்கள் வீடு.

முதலில் மாநாடு. இந்த மாதிரி மெயிலை வருஷத்துக்கு இருபது பார்க்கிறேன். இணையத்தில் ஒரு படிவம் நிரப்பினால் போதும், நிரப்பியவர்களில் தேர்வாகாதவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. என் அக்கா மகன் ஒருமுறை போனான். ஓட்டல் ஹாலில் இரண்டு நாள் பேச்சு, ஒரு நாள் ஊர் சுற்றல், கோட் போட்டு ஒரு போட்டோ, சர்டிபிகேட். அக்கா அடகு வைத்த வளையலை மீட்க ஒன்றரை வருஷம் ஆனது. எந்த வேலைக்கும், எந்த மேற்படிப்புக்கும் அந்தத் தாளை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. எல்லா மாநாடும் மோசடி என்று சொல்லவில்லை. அழைப்பவரே காசு கேட்டால் அது சுற்றுலா, அவ்வளவுதான்.

நாடு கடந்து இளைஞர்கள் ஒன்றுசேர உண்மையான இடங்கள் இருக்கின்றன. ஐ.நா. பருவநிலைப் பேச்சுவார்த்தையில் இளைஞர்களின் அதிகாரபூர்வமான அணிக்கு யங்கோ என்று பெயர். உயிர்ப்பன்மை ஒப்பந்தத்துக்கும் அப்படி ஒரு இளைஞர் வலையமைப்பு உண்டு, சுருக்கமாக ஜிஒய்பிஎன் என்பார்கள். இவற்றில் சேர 650 டாலர் யாரும் கேட்பதில்லை. ஐ.நா.வின் 'யூஎன் சிசி லேர்ன்' தளத்தில் பருவநிலை பற்றி இலவசமாகவே படிக்கலாம், சான்றிதழும் தருகிறார்கள். பாப்பாவுக்கு ஆசை உண்மை என்றால் இந்தக் கோடை விடுமுறையில் அதில் இரண்டு பாடம் முடிக்கட்டும். மாநாட்டு மெயிலை அழித்துவிடச் சொல்லுங்கள்.

இப்போது கம்ப்யூட்டர் சயின்ஸ். "ஐடிதான் எதிர்காலம், சுற்றுச்சூழலை ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளட்டும்" என்று சிங்கப்பூரிலிருந்து மச்சான் சொல்கிறாராம். ஐடி வேண்டாம் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. உங்கள் பெண்ணுக்கு வேண்டாம் என்கிறேன். உயிரியலில் 96, கணக்கில் 71. கணக்கு மோசமில்லை, ஆனால் அது அவளை இழுக்கவில்லை. 11 லட்சத்தில் ஏழு லட்சம் கல்விக் கடன் என்றீர்கள். படிப்பு முடிந்து கொஞ்ச நாளிலேயே தவணை கழுத்தில் ஏறும். அப்புறம் எந்த ஞாயிற்றுக்கிழமை? தாய்மாமன் பாசத்தில் சொல்கிறார், புரிகிறது. ஆனால் தவணை அவர் கணக்கிலிருந்து போகப்போவதில்லை.

நேற்று நீங்கள் கவனித்தீர்களோ இல்லையோ, பாப்பா பையிலிருந்து ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்துக் காட்டினாள். வேதாரண்யத்தில் உங்கள் உப்பளத்துப் பாத்திகளில் வந்து இறங்கும் பறவைகளின் கணக்கு, ஒன்பதாம் வகுப்பிலிருந்து. தேதி, நேரம், காற்று எந்தப் பக்கம், பாத்தியில் தண்ணீர் எவ்வளவு, பூநாரை எத்தனை, உள்ளான் எத்தனை, பெயர் தெரியாதவை எத்தனை. ஓர் இடத்தில் "நாய் விரட்டியது, எண்ண முடியவில்லை" என்று எழுதியிருக்கிறாள். இன்னும் நாலு பக்கம் தள்ளி, டிசம்பரில் ஒரு வாரம் முழுக்க ஒவ்வொரு நாளும் சைபர். நான் அந்த சைபரில்தான் நின்றுவிட்டேன் அண்ணே. பறவை வந்தால் எழுத யாருக்கும் ஆசை வரும். வராத நாளிலும் போய் நின்று, வரவில்லை என்று எழுதி வைக்கிற பிள்ளை ஆயிரத்தில் ஒன்று. இந்தத் தொழிலில் கற்றுக்கொடுக்கக் கஷ்டமான விஷயமே அதுதான், அது அவளிடம் ஏற்கெனவே இருக்கிறது.

அவள் எண்ணுகிற பறவைகளுக்கு எல்லை கிடையாது. அவற்றில் பல சைபீரியப் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிருக்கு உங்கள் பாத்திக்கு வருகின்றன. கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல பத்தாண்டுகளாகப் பறவைகளைப் பிடித்து, காலில் எண் பொறித்த அலுமினிய வளையம் மாட்டி விடுகிறார்கள். வேறு நாட்டில் ஒருவர் அந்த எண்ணைப் படித்துத் தெரிவித்தால்தான் பறவையின் பயணம் தெரியும். காலில் சின்ன வண்ணக் கொடி மாட்டுவதும் உண்டு. எந்த நாட்டில், எந்த இடத்தில் மாட்டியது என்பதை நிறமே சொல்லிவிடும். கோடியக்கரை 2002இலேயே ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் ஏறிய இடம். 1971இல் ஈரானில் உருவான சர்வதேச ஒப்பந்தத்தின் கீழ் வருகிறது உங்கள் பக்கத்துச் சதுப்பு. வெளிநாடு போனால்தான் சர்வதேச வேலை என்று பாப்பா நினைக்கிறாள். அவள் வீட்டுக் கொல்லையே சர்வதேசம்தான்.

சரி, என்ன படிக்கலாம்? மீன்வளம், வேளாண்மை, வனவியல் பற்றி எல்லாரும் சொல்லியிருப்பார்கள், அதை விட்டுவிடுகிறேன். யாரும் உங்களிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். பி.எஸ்சி. விலங்கியல்.

உடனே முகம் சுளிக்காதீர்கள். "வேறு எதுவும் கிடைக்காதவர்கள் சேர்கிற படிப்பு" என்று சம்பந்தி வீட்டார் சொல்வார்கள், சொல்லட்டும். மயிலாடுதுறை மன்னம்பந்தலில் ஏ.வி.சி. கல்லூரி இருக்கிறதே, அங்கே எம்.எஸ்சி. வன உயிரியல் நடக்கிறது. காட்டுயிர் ஆராய்ச்சியில் இருப்பவர்களிடம் கேளுங்கள், அந்தப் பெயர் அவர்களுக்குத் தெரியும். பக்கத்து ஊர்க்காரர்களுக்குத்தான் தெரியாது. ஒரு அரசுக் கல்லூரியிலோ அரசு உதவிபெறும் கல்லூரியிலோ பி.எஸ்சி. விலங்கியல் முடித்துவிட்டு அங்கே போகலாம். கடல்தான் பிடிக்கிறது என்று இடையில் மனம் மாறினால் பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்துவாரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது, பிச்சாவரம் அலையாத்திக் காடு கூப்பிடு தூரம். இரண்டுமே பஸ்ஸில் போய்வரக்கூடிய ஊர்.

செலவைப் பாருங்கள். உதவிபெறும் பிரிவில் வருஷக் கட்டணம் ஆயிரங்களில் முடிந்துவிடும். சுயநிதிப் பிரிவு என்று தனியாக ஒன்று இருக்கும், விண்ணப்பம் போடும்போது எந்தப் பிரிவு என்று கேட்டு எழுதி வாங்குங்கள், இதில் ஏமாந்தவர்கள் நிறைய. பாப்பா ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி. அதனால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கு வரும். பஸ் செலவுக்கும் நோட்டுக்கும் அது போதும்.

கல்லூரியில் கிடைப்பது பாதிதான், மீதியை அவளே தேடிக்கொள்ள வேண்டும். நிலப்படம் வரைய கியூஜிஐஎஸ், புள்ளிவிவரக் கணக்குப் போட ஆர் (R). இரண்டு மென்பொருளும் இலவசம், உங்கள் கடைக் கணக்குப் பார்க்கிற அந்தப் பழைய லேப்டாப்பே போதும். பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பறவை ஆர்வலர்கள் கணக்கெடுத்து இ-பேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்றுகிறார்கள், 2015இலிருந்து நடக்கிறது. அதே ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு, அது 1987இல் தொடங்கியது. ஒரே மாதத்தில் பல நாட்டுத் தன்னார்வலர்கள் ஏரியோரத்தில் நின்று எண்ணுகிறார்கள். பாப்பாவின் நோட்டை இப்போதே இ-பேர்டில் ஏற்றச் சொல்லுங்கள், சைபர் நாட்களையும் சேர்த்து.

எண்ணி என்ன ஆகப்போகிறது என்று நீங்கள் கேட்டீர்கள். 2021 மே மாதம் எக்ஸ்-பிரஸ் பேர்ல் என்ற கப்பல் கொழும்புக்கு அருகே தீப்பிடித்து, ஜூனில் மூழ்கியது. சிங்கப்பூர்க் கொடி கட்டிய கப்பல், குஜராத்தின் ஹசீராவிலிருந்து வந்துகொண்டிருந்தது, அமிலமும் பிளாஸ்டிக் குருணையும் ஏற்றியிருந்தது. ஜவ்வரிசி போல வெள்ளைக் குருணை இலங்கையின் மேற்குக் கரையில் ஒதுங்கியது. 2025இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 100 கோடி டாலர் இழப்பீடு கட்டச் சொல்லித் தீர்ப்பளித்தது. அதே வருஷம் கேரளக் கரையோரம் இன்னொரு கப்பல் மூழ்கி, அதே குருணை நம் கரைக்கும் வந்தது. கொடி ஒரு நாடு, சரக்கு ஒரு நாடு, குப்பை ஒரு நாடு. இப்படி ஒரு வழக்கில் "கடல் கெட்டுப்போச்சு" என்று நூறு பேர் சொன்னாலும் எடுபடாது. கப்பல் மூழ்குவதற்கு முன் அந்தக் கரை எப்படி இருந்தது என்று வருஷக்கணக்காக எழுதி வைத்த ஆள் வேண்டும். கரையில் ஒரு மீட்டர் சதுரம் கட்டி, மணலைச் சலித்து, குருணையை ஒவ்வொன்றாக எண்ணுகிற ஆள் வேண்டும். பாப்பா அந்த ஆள்.

வெளிநாடு? போகட்டும், ஆனால் உங்கள் காசில் வேண்டாம். எராஸ்மஸ் முண்டஸ் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவித்தொகை இருக்கிறது. முதுகலைப் படிப்பு, குறைந்தது இரண்டு நாடுகளில் மாறி மாறிப் படிக்க வேண்டும். கிடைத்தால் கல்விக் கட்டணம் கிடையாது, மாதம் 1,400 யூரோ, அதிகபட்சம் 24 மாதம். பயணம், விசா, வீடு எல்லாம் அதற்குள்ளேயே பார்த்துக்கொள்ள வேண்டும், சிக்கனமாக இருந்தால் முடியும். கடல் வளத்துக்கு பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகம் முன்நின்று நடத்தும் இம்பர்சீ, அலையாத்திக்கும் பவளப் பாறைக்கும் பிரஸ்ஸல்ஸிலிருந்து நடக்கும் ட்ராபிமுண்டோ, சூழல் கொள்கைக்கு மெஸ்பாம். எதில் அந்த வருஷம் உதவித்தொகை இருக்கிறது என்பது மாறும், அதனால் ஒவ்வொரு அக்டோபரும் தளத்தில் பார்க்க வேண்டும். பெரும்பாலும் ஜனவரிக்குள் விண்ணப்பம் முடிந்துவிடும். போட்டி கடுமை, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே "ஏன் இந்தப் படிப்பு" என்று ஒரு கடிதம் கேட்பார்கள். வருஷக்கணக்கில் ஒரே உப்பளத்தை எண்ணியவள் எழுதும் கடிதமும், நாலு நாள் மாநாட்டுக்குப் போனவள் எழுதும் கடிதமும் ஒன்றாக இருக்காது. ஏஜென்ட் யாராவது "நாங்களே எடுத்துத் தருகிறோம்" என்று வந்தால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். பட்டியல் இனத்துப் பிள்ளைகளுக்கு மாநில அரசும் மத்திய அரசும் வெளிநாட்டுப் படிப்புக்குத் தனி உதவித்தொகை தருகின்றன, இதைப் படிக்கக் கொடுக்கும்போது உங்கள் நண்பர்களிடம் சொல்லுங்கள்.

கசப்பான பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்தத் துறையில் ஆரம்ப வேலைகள் எல்லாம் புராஜெக்ட் வேலை. ஆறு மாதம், ஒரு வருஷம், அப்புறம் அடுத்ததைத் தேட வேண்டும். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை எடுத்தால் மாதம் 37,000, எடுக்காவிட்டால் அதைவிடக் குறைவு. மூன்று வருஷத்தில் பாப்பா சம்பாதித்துத் தம்பியைப் படிக்கவைக்க வேண்டும் என்ற நிலை உங்கள் வீட்டில் இருந்தால், இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு என்னிடம் வாருங்கள், வேறு பேசலாம். நேற்று நீங்கள் சொன்ன வரவு செலவில் அப்படி இல்லை என்றுதான் எனக்குப் பட்டது. 11 லட்சம் புரட்டத் தயாராக இருக்கிற வீடு, அவள் ஐந்து வருஷம் குறைந்த செலவில் படிப்பதைத் தாங்கும்.

அண்ணி ஒன்று கேட்டார், "பொம்பளைப் பிள்ளை ராத்திரி கடற்கரையில் ஆமை முட்டை தேடுவதா?" நியாயமான கேள்வி. சென்னையில் மாணவர்களே நடத்தும் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று 1988இலிருந்து ஜனவரி முதல் ஏப்ரல் வரை இரவில் கரையில் நடக்கிறது. பெண்களும் போகிறார்கள், கூட்டமாகப் போகிறார்கள். கோடியக்கரையில் வனத்துறையின் ஆமை முட்டைப் பொரிப்பகம் இருக்கிறது. தனியாக எங்கேயும் போகக் கூடாது என்று பாப்பாவிடம் நானே கறாராகச் சொல்கிறேன். ஆனால் "போகவே கூடாது" என்று நீங்கள் சொன்னால் அதற்கு நான் உடன்பட மாட்டேன்.

வெள்ளிக்கிழமை அந்தக் கல்லூரியிலிருந்து ஃபோன் வரும், "இன்னும் இரண்டு சீட்தான் இருக்கிறது" என்பார்கள். எப்போதும் இரண்டுதான் இருக்கும். வேண்டாம் என்று சொல்லி வைத்துவிடுங்கள். அரசுக் கல்லூரிகளுக்கு இணையத்தில் விண்ணப்பம் திறந்திருக்கிறது. உதவிபெறும் கல்லூரிக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். திங்கள்கிழமை மயிலாடுதுறைக்கு பாப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், சாதிச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் எல்லாம் இரண்டிரண்டு நகல். அந்த நோட்டையும் எடுத்துப் போகச் சொல்லுங்கள், விலங்கியல் துறையில் யாராவது இருந்தால் காட்டட்டும்.

மச்சான் ஞாயிற்றுக்கிழமை ஃபோன் செய்வார் அல்லவா, எனக்குக் கொடுங்கள், நான் பேசிக்கொள்கிறேன். ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று அவர் நின்றால், அடுத்த முறை வரும்போது 8x42 பைனாகுலர் ஒன்று வாங்கிவரச் சொல்லுங்கள். பாப்பா இத்தனை நாளும் வெறுங்கண்ணால்தான் எண்ணியிருக்கிறாள்.