சினிமா அம்மாக்களிடமிருந்து பெற்றோர் எதைக் கற்றுக்கொள்ளலாம்?

திரை அம்மா என்பவர் கதாசிரியர் உருவாக்கிய பாத்திரம்தான். ஆனாலும் அவரிடம் கற்க விஷயம் இருக்கிறது. வீட்டில் நமக்கு நம் கோபம் மட்டுமே தெரிகிறது. படத்தில் அம்மா கத்துவதும் தெரியும், அதைக் கேட்ட பிள்ளையின் முகம் வாடுவதும் தெரியும்.

2016-இல் வந்த ‘அம்மா கணக்கு’ நல்ல உதாரணம். வீட்டு வேலை செய்யும் அம்மா, மகள் படிக்கும் பத்தாம் வகுப்பிலேயே தானும் சேர்கிறார். உதவத்தான் போகிறார், மகளுக்கோ அது அவமானமாக இருக்கிறது. அம்மாவின் பாசத்தில் குறையே இல்லை, அது மகளிடம் போய்ச் சேரும் விதத்தில்தான் சிக்கல். எனக்கு அந்தப் படத்தில் மிகவும் பிடித்தது இந்த இடம்தான்.

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ரப்பர் மரத்தில் பால் வெட்டுவதைக் கவனித்திருப்பீர்கள். விடியும் முன்பே கத்தி பட்டையில் மெல்லிய சீவல் எடுக்கும். சாய்ந்த கோட்டில் பால் வழிந்து சிரட்டையில் சொட்டும். மேலோட்டமாக வெட்டினால் பால் குறைவு. கத்தி பட்டைக்கு உள்ளே இருக்கும் தடியைத் தொட்டுவிட்டால் மரத்துக்குக் காயம். அங்கே பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், அப்புறம் வெட்டுவதே சிரமம். கண்டிப்பும் அப்படித்தான். மதிப்பெண் ஏன் குறைந்தது என்று கேட்கலாம். “நீ எதுக்கும் லாயக்கில்லை” என்பது தடியில் இறங்கும் வெட்டு.

சரி, சினிமா அம்மாவைப் போல எல்லாவற்றையும் தியாகம் செய்தால்தான் நல்ல அம்மா என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு, இரண்டரை மணி நேரக் கதையில் அந்த அம்மா களைத்துப் படுத்த நாள்களுக்கு இடமே இருப்பதில்லை.